கல்லில் ஏறாத பெயர்கள்

"இங்க வந்து சிக்கன் சுட்டுச் சாப்பிடறது நமக்கே கொஞ்சம் ஓவரா இல்ல?" என்று கேட்டான் நண்பன்.

வடக்கு பிரான்ஸில் ஆல்பேர் என்ற சிறுநகரத்துக்குப் பக்கத்தில், ஆங்க்ர் ஆற்றை ஒட்டிய ஒரு கேம்ப்சைட். மூன்று நாள் லீவு, இரண்டு டென்ட், ஒரு கரி அடுப்பு. 1916 ஜூலை 1 அன்று சோம் போர் தொடங்கிய முனை அங்கிருந்து நடந்து போகிற தூரம்தான். அந்த ஒரு நாளில் மட்டும் பிரிட்டிஷ் தரப்பில் 19,240 பேர் இறந்தார்கள். கேம்ப்சைட்காரர் எங்களுக்குச் சொன்ன ஒரே விதி, தரையில் குழி தோண்டி நெருப்பு மூட்டக் கூடாது என்பது. இன்றும் அந்தப் பக்கத்து விவசாயிகள் உழும்போது வெடிக்காத குண்டுகள் மேலே வருகின்றன. வயலோரமாக எடுத்து வைத்துவிட்டு, அதற்கென்று இருக்கும் அரசு ஆட்களுக்குச் சொல்லிவிடுகிறார்கள்.

நண்பனின் கேள்விக்கு அப்போது நான் சொன்ன பதில் சுலபமானது. செத்தவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது நமக்கு ஒன்றும் புதிதில்லை. நடுகல்லுக்குக் கள்ளும் படையலும் வைத்ததைச் சங்கப் பாடல்களே சொல்கின்றன. போர்க்களச் சுற்றுலா என்பதும் இன்றைய தலைமுறையின் சீரழிவு இல்லை. மிஷ்லின் டயர் கம்பெனி தன் போர்க்கள வழிகாட்டி நூல்களை 1917-லேயே வெளியிடத் தொடங்கிவிட்டது. போர் முடிந்ததோ 1918 நவம்பரில். ஆக, குண்டு விழுந்துகொண்டிருக்கும்போதே டூரிஸ்டுக்கான வரைபடம் தயார்.

அதனால் டென்ட் போடுவது தப்பா என்ற கேள்வி எனக்குப் பெரிதாகப் படவில்லை. டென்டிலிருந்து எழுந்து போய் அந்த நினைவுச்சின்னத்தை எப்படி வாசிக்கிறோம் என்பதுதான் என் பிரச்சினை.

தியெப்வால் நினைவுச்சின்னத்தை வடிவமைத்தவர் எட்வின் லுட்யென்ஸ். நம் டெல்லி இந்தியா கேட்டும் அவருடையதுதான். 1932-ல் திறக்கப்பட்டது. உடல் கிடைக்காத, அல்லது கிடைத்தும் யாரென்று தெரியாத 72,000-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் அதில் இருக்கின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் வெற்றி வளைவு போலத்தான் தெரிகிறது. கிட்டே போகப் போக அந்த மிடுக்கு கரைகிறது. வளைவுக்குள் வளைவு. பதினாறு பெருந்தூண்கள். தலைக்கு மேல் வெறும் வெளி. கண் மட்டத்தில், சுவர் முழுக்கப் பெயர்கள்.

பெரும்பாலானோர் இங்கே 72,000 என்ற எண்ணை வாசித்து, "அடேங்கப்பா" என்று சொல்லி, போட்டோ எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். நானும் முதலில் அப்படித்தான். கட்டடம் அந்த எண்ணை வாசிக்கக் கேட்கவில்லை என்று பிறகுதான் புரிந்தது. பெயர்கள் ரெஜிமென்ட் வாரியாக, அதற்குள் பதவி வாரியாக, அதற்குள் அகரவரிசையில் இருக்கின்றன. சாவிலும் சார்ஜென்ட் முன்னால், சிப்பாய் பின்னால் என்பது ஒரு நெருடல்தான். ஆனால் ஒரே ரெஜிமென்டில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால், பெயரோடு படை எண்ணையும் பொறித்திருக்கிறார்கள். டேட்டாபேஸோடு பிழைப்பு நடத்துகிறவனுக்கு இது உடனே பிடிபடும்: ஒருவனை இன்னொருவனோடு குழப்பிவிடக் கூடாது என்ற பிடிவாதம்.

இன்னொன்றும் உண்டு. வயலில் ஓர் எலும்புக்கூடு கிடைத்து, அது யாரென்று உறுதியானால், அவருக்குத் தனிக் கல்லறை அமைக்கிறார்கள். பிறகு சுவரிலிருந்து அவர் பெயர் நீக்கப்படுகிறது. நினைவுச்சின்னங்கள் பொதுவாகச் சேர்த்துக்கொண்டே போகும். இது தன்னைத்தானே காலி செய்துகொள்ளக் காத்திருக்கிறது. நான் பார்த்த சின்னங்களில் இதைவிட நேர்மையான ஒன்று இல்லை.

மறுநாள் நூவ் ஷாப்பெல்லுக்குக் காரில் போனோம். 1915 மார்ச்சில் இந்தியப் படைகள் பெரிய அளவில் சண்டையிட்ட கிராமம். லுட்யென்ஸோடு புது டெல்லியைக் கட்டிய ஹெர்பர்ட் பேக்கர் வடிவமைத்த வட்டமான நினைவுச்சின்னம், 4,700-க்கும் மேற்பட்ட இந்தியர்களின் பெயர்களோடு அங்கே இருக்கிறது. எங்களைத் தவிர யாருமே இல்லை. "பரவால்லடா, நம்மாளுங்க பேரும் இருக்கு" என்றான் நண்பன். எனக்கும் தொண்டை அடைத்தது.

அந்தத் திருப்தியைத்தான் இப்போது சந்தேகிக்கிறேன். பதவி, இனம், மதம் பாராமல் எல்லோரையும் சமமாக நினைவுகூர்வோம் என்பது இந்தச் சின்னங்களை எழுப்பிய போர்க் கல்லறை ஆணையத்தின் கொள்கை. அதே ஆணையம் 1929-ல் திறந்த பஸ்ரா நினைவுச்சின்னத்தில் பிரிட்டிஷ் சிப்பாய்க்குக்கூடப் பெயர் உண்டு. இந்தியச் சிப்பாய்களோ, ரெஜிமென்டுக்கு இத்தனை பேர் என்ற வெறும் எண்ணிக்கை. இப்படி நடந்ததை 2021-ல் ஆணையமே அறிக்கை வெளியிட்டு ஒப்புக்கொண்டது. குறைந்தது 1,16,000 பேர், பெரும்பாலும் ஆப்பிரிக்காவையும் மத்தியக் கிழக்கையும் சேர்ந்தவர்கள், பெயரோடு நினைவுகூரப்படவில்லை அல்லது நினைவுகூரப்படவே இல்லை என்றது அந்த அறிக்கை.

பிரான்ஸில் சிப்பாய்க்குப் பெயர், பஸ்ராவில் எண்ணா? என் வாசிப்பு இது: வாசகன் வருவான் என்று நம்பிய இடத்தில் பெயர் எழுதினார்கள். வரமாட்டான் என்று நினைத்த இடத்தில் கூட்டிப் போட்டுவிட்டார்கள். எங்கள் டென்டுக்கும் அந்தப் பெயர்களுக்கும் உள்ள உறவு இதுதான். வழிகாட்டி நூலும் ரோடும் கேம்ப்சைட்டும் போய்ச் சேர்கிற இடத்தில் சமத்துவம் கச்சிதமாக இருக்கிறது. ஆகவே போர்க்கள முகாம்களை நான் குறை சொல்லவில்லை. அங்கே கிடைக்கும் நெகிழ்ச்சியை முழு உண்மை என்று எடுத்துக்கொள்வதைத்தான் குறை சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் பல ஊர்களில் ஆங்கிலேயர் காலத்துக் கல்வெட்டு ஒன்றைப் பார்க்கலாம். இந்த ஊரிலிருந்து பெரும்போருக்குப் போனவர்கள் இத்தனை பேர், அதில் உயிர்விட்டவர்கள் இத்தனை பேர் என்று இரண்டே எண்கள். அம்மாவின் ஊர்ப் பள்ளிச் சுவரிலும் ஒன்று உண்டு. நூவ் ஷாப்பெல்லிலிருந்து திரும்பும் வழியில் அம்மாவுக்கு போன் செய்து அதைப் பற்றிக் கேட்டேன்.

"எந்தக் கல்லு? நீங்கல்லாம் பேட்ட சாத்தி வெப்பீங்களே, அதா?"

"ஆமாம்மா. அதுல செத்தவங்க யார் யாருன்னு தெரியுமா?"

"அதுல பேரே இல்லயேடா" என்றாள்.