பாஞ்சாலி வேஷம் யாருக்கு?

உத்திரமேரூர், சாலவாக்கம் பக்கமெல்லாம் கோடை வந்தால் திரௌபதி அம்மன் திருவிழாதான். பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரி விடிய விடிய கூத்து. துகில் உரியும்போது பாஞ்சாலி உச்சக்குரலில் கதற, முன்வரிசைப் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அழவைப்பவர் பெரும்பாலும் புடவை கட்டிய ஆண். இதில் நமக்கு ஆச்சரியமே கிடையாது, பாருங்கள்!

மேற்கு ஆப்பிரிக்காவில், சியரா லியோனில், மெண்டே என்றொரு இனம். வயதுக்கு வருகிற பெண்களை 'சாண்டே' என்ற பெண்கள் சங்கத்தில் சேர்ப்பார்கள். பாட்டு, ஆட்டம், குடும்பம் நடத்துகிற வித்தை எல்லாம் மூத்த பெண்கள் சொல்லித்தருவார்கள். சடங்கின்போது 'சோவெய்' ஆடி வரும். தலையையே மூடுகிற கறுப்பு மர முகமூடி, அகன்ற நெற்றி, சின்னக் கண், கழுத்தில் அடுக்கடுக்காக மடிப்பு, உச்சியில் அலங்காரக் கொண்டை. உடம்பு முழுக்கக் கறுப்பு நார். மணி கோத்த வலை போட்ட சுரைக்குடுக்கையைக் குலுக்கிப் பெண்கள் பாடுவார்கள். முகமூடியைச் செதுக்குவது ஆண். போட்டு ஆடுவது பெண். ஆப்பிரிக்காவிலேயே இது அபூர்வம்.

உடனே புல்லரித்துவிடாதீர்கள். அதே சடங்கில் பெண்ணுறுப்பை அறுக்கிற கொடுமையும் உண்டு. முகமூடியின் அழகை மட்டும் பேசிவிட்டு இதை நைசாகத் தாண்டுவது அயோக்கியத்தனம். கத்தி வேண்டாம், பாட்டும் ஆட்டமும் போதும் என்று போராடுகிற பெண்கள் அங்கேயே இருக்கிறார்கள்.

நான் பி.காம்., எதையும் வரவு செலவாகப் பார்க்கிற வியாதி. நம்ம மஞ்சள் நீராட்டு விழாவில் என்ன வரவு? மைக் செட், ஃப்ளெக்ஸ் பேனர், மாமன் சீர், மொய் நோட்டு. நடுவில் நகை மாட்டிய பொம்மையாகப் பெண். மெண்டே பெண்ணுக்கு ஆட்டம் தொடங்குகிற வயசில், இவளுக்கு 'இனிமே தெருவுல ஆடாதே' தொடங்குகிறது.

காஞ்சிபுரம் பக்கம் புஞ்சரசந்தாங்கலில் பெ.ராஜகோபாலும் ஹன்னே டி புருயினும் 2002இல் தொடங்கிய கட்டைக்கூத்து குருகுலம் இதைத்தான் உடைத்தது. பையன்களோடு பெண் பிள்ளைகளும் பள்ளிப் பாடத்தோடு கூத்தும் கற்றார்கள். கட்டைக் கிரீடமும் புஜக்கட்டையும் கட்டிக்கொண்டு, முகவீணை அலற, மிருதங்கம் அதிரச் சுழன்று ஆடினார்கள். பெண்ணுக்கு உடம்பு தாங்காது என்ற சாக்கெல்லாம் அங்கே போணியாகவில்லை. இடிக்கிற இடம் வேறு. கல்யாணம். விடிகாலையில் நாற்று நட அனுப்புகிற மாமியார் வீடு, ராத்திரி ஊர் ஊராகக் கூத்தாட அனுப்புமா?

அடுத்த கோடைக்கு உங்கள் ஊர் விழாக் கமிட்டி கூத்துக்கு முன்பணம் கொடுக்கப் போகும்போது, ஜமாவில் பெண்கள் உண்டா என்று ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள்.