போர்ட்டே அளவுகோல்

வெளிச்சேமிப்புக் கருவிகளைப் பற்றிய மதிப்பீடுகளில் ஒரு முறையியல் பிழை வேரூன்றிவிட்டது. கருவியைப் புத்தம்புதிய கணினியில் செருகி வேகத்தை அளக்கிறார்கள். வந்த எண்ணையே தகுதி என்று அறிவிக்கிறார்கள். பழைய மடிக்கணினி வைத்திருப்பவருக்கு அந்த எண் ஏட்டுச் சுரைக்காய். அவருடைய வேகத்துக்கு உச்சவரம்பு விதிப்பது போர்ட். ஆகவே இங்கே கொள்ளத்தக்க அளவுகோல்கள் நான்கு: போர்ட்டுடன் பொருத்தம், மின்தேவை, ஜிபிக்கு ஆகும் விலை, பழுதானால் தரவை மீட்கும் வாய்ப்பு.

இன்டெல் தன் சிப்செட்டிலேயே யூஎஸ்பி 3.0 வசதியைச் சேர்த்தது 2012இல். அதற்கு முந்தைய மடிக்கணினிகளில் பெரும்பாலானவற்றுக்கு யூஎஸ்பி 2.0தான் கதி. கணக்குப்படி நொடிக்கு 480 மெகாபிட். கைக்குக் கிடைப்பது 30 முதல் 40 மெகாபைட். 3.0 போர்ட்டுக்கோ கணக்கே 5 கிகாபிட். தீர்ப்பு இந்த இடத்தில் இரண்டாகப் பிரிகிறது.

2.5 அங்குல போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க்கின் வலிமை, ஜிபிக்கு ஆகும் விலை. பெரிய கோப்புகளை நொடிக்கு 100 மெகாபைட் அளவில் எழுத வல்லது, 2.0 போர்ட்டை நிரப்ப அதுவே மிகை. குறைகளும் மெய்யானவை. 2.0 போர்ட் தர வேண்டியது 500 மில்லிஆம்பியர். தட்டு சுழலத் தொடங்கும் கணத்தில் டிஸ்க் அதற்கு மேலும் கேட்கலாம். போதாதபோது டிக் டிக் என்று ஒலித்து அடங்கிவிடும்; இரட்டைத் தலை கேபிள் தேவைப்படும். ஓடும்போது கீழே விழுந்தால் பிழைப்பது அரிது. சில மாடல்களில் யூஎஸ்பி இணைப்பு டிஸ்க்கின் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கிறது. அது கெட்டால், கழற்றி வேறு கேஸில் (யூஎஸ்பி உறையில்) மாட்டித் தரவை எடுக்க வழியில்லை.

கேஸில் பொருத்திய சாட்டா எஸ்எஸ்டி இந்தக் குறைகளில் பலவற்றைக் களைகிறது. அசையும் பாகம் இல்லை, கேஸ் கெட்டால் கேஸை மட்டும் மாற்றலாம், 3.0 போர்ட்டில் நொடிக்கு 400 மெகாபைட் எட்டக்கூடும். ஆனால் 2.0 போர்ட்டில் பெரிய கோப்பை நகலெடுப்பதில் ஹார்ட் டிஸ்க்கை அது வெல்வதில்லை; சிறு கோப்புகளைத் தேடி எடுப்பதில்தான் மேன்மை எஞ்சுகிறது. மின்சாரமே காணாமல் ஆண்டுக்கணக்கில் அலமாரியில் வைக்கவும் அது ஏற்றதன்று. இன்னும் வேகமான என்விஎம்இ வகை எஸ்எஸ்டிக்குத் தரும் கூடுதல் விலையைப் பழைய போர்ட் விழுங்கிவிடும்.

பென் டிரைவ் எடுத்துச்செல்லும் கருவி, சேமிப்புக் கருவியன்று. சிறு கோப்புகளைத் தொடர்ந்து எழுதினால் தளர்ந்துவிடும். சில நூறு ரூபாய்க்கு 2 டிபி என்று விற்பவை போலி: கொள்ளளவைப் பொய்யாகக் காட்டி, எழுதியதை அழித்தபடியே எழுதும். எஃப்3, எச்2டெஸ்ட்டபிள்யூ போன்ற இலவச மென்பொருள்கள் அதை அம்பலப்படுத்திவிடும்.

சந்தை பேசாத நான்காம் வழியே ஒத்திசைவில் சிறந்தது: எஸ்எஸ்டியை மடிக்கணினியின் உள்ளே பொருத்தி, அங்கிருந்து கழற்றிய ஹார்ட் டிஸ்க்கை மலிவான கேஸில் இட்டு வெளிச்சேமிப்பாக்குவது. உள்ளிருக்கும் பழைய 3 கிகாபிட் சாட்டா இணைப்பும் 2.0 போர்ட்டைவிடப் பல மடங்கு விரைவானது. செலவழித்த பணம் அங்கேதான் பலன் தரும். நிபந்தனை ஒன்று: டிஸ்க் தன் நிலையைத் தானே பதிவுசெய்யும் ஸ்மார்ட் அறிக்கையில் பழுதான செக்டர்கள் தென்பட்டால் அதை நம்பலாகாது.

தீர்ப்பு இது. 2.0 மட்டும் இருந்தால் எஸ்எஸ்டி உள்ளே, ஹார்ட் டிஸ்க் வெளியே. 3.0 இருந்து, அன்றாட வேலையே வெளிக்கருவியில் நடக்குமானால், கேஸில் சாட்டா எஸ்எஸ்டி. காப்புப்பிரதி மட்டுமே நோக்கமென்றால் இரண்டிலும் போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க் போதும். எதை வாங்கினாலும், ஒரே இடத்தில் மட்டும் இருக்கும் கோப்புக்குக் காப்பு இல்லை.