கருக்கு: யாருடைய பாவசங்கீர்த்தனம்?

நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு ஐந்து காரியங்கள் தேவை என்று மறைக்கல்வி வகுப்பில் மனப்பாடம் செய்தோம்: ஆத்தும சோதனை, மனஸ்தாபம், பிரதிக்கினை, பாவங்களை அறிக்கையிடல், பரிகாரம். ‘ஒப்புரவு அருட்சாதனம்’ என்று பெயர் மாறினாலும் இவ்வரிசை மாறவில்லை. 1992-இல் வெளிவந்த பாமாவின் ‘கருக்கு’ நூலை இவ்வரிசையை மனத்தில் கொண்டு படிப்பது பயன் தரும்.

விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்பை அடுத்த புதுப்பட்டியில் பிறந்தவர் பாமா. கோயிலைச் சுற்றியே வளர்ந்த தலித் கத்தோலிக்கப் பெண். துறவற சபையில் சேர்ந்து, ஏழைகளுக்கு உழைக்க அங்கே வழியில்லை எனக் கண்டு வெளியேறியவர். ஒரே விசுவாசத்தாரிடையே சாதிக்கொரு கல்லறை, செல்வர் பிள்ளைகளுக்கென நடக்கும் கன்னியர் மடத்துப் பள்ளி, படிக்க வேண்டிய வயதில் சிவகாசித் தீப்பெட்டித் தொழிற்சாலைக்குப் போகும் சிறுவர் ஆகியவற்றை நூல் நம்முன் வைக்கிறது.

தன்வரலாறு எழுதியவரின் பாவ அறிக்கையாக அமைவதுண்டு. புனித அகுஸ்தினார் அவ்வகைக்கு முன்னோடி. ‘கருக்கு’ அப்படியன்று. இங்கே பேசுபவர் காயம்பட்டவர். ஆத்தும சோதனை செய்ய வேண்டியவர்கள் வாசகராகிய நாமே.

“இதில் கசப்புத்தானே மிஞ்சுகிறது, கிறிஸ்தவ மன்னிப்பு எங்கே?” என்று சிலர் கேட்கலாம். தவறு செய்தவர் வாய் திறவாதபோது, காயம்பட்டவரிடம் மட்டும் மன்னிப்பை எதிர்பார்ப்பது நியாயமாகுமா? ஏமாற்றியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவேன் என்று சக்கேயு சொன்ன பின்னரே, அவன் வீட்டுக்கு மீட்பு வந்ததென்றார் ஆண்டவர். காணிக்கையைப் பீடத்தின்முன் விட்டுவிட்டு, முதலில் சகோதரனோடு நல்லுறவு கொள்ளச் சொன்னவரும் அவரே. குருவிடம் பெறும் பாவமன்னிப்பு மெய்யானதே. ஆனால் அதற்குரிய பரிகாரம் கல்லறையிலும் பள்ளிச் சேர்க்கையிலும் காத்திருக்கிறது.

நூலில் குறை இல்லாமல் இல்லை. துறவியர் பெரும்பாலும் ஒரே முகத்தவராகத் தெரிகின்றனர்; மாற முயன்றோரின் மனப்போராட்டம் விரிவு பெறவில்லை. இக்குறையைச் சுட்டி நம் கடனைக் கழித்துக்கொள்ள முடியாது. 2003-இல் தமிழக ஆயர்களிடம் பேசிய திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் சாதிப் பாகுபாட்டைக் கண்டித்தார். 2016-இல் இந்திய ஆயர் பேரவை, திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதைத் தன் கொள்கை ஏட்டில் ஒப்புக்கொண்டது. நான்காம் காரியம் எழுத்தளவில் நடந்துவிட்டது. ஐந்தாவது, அந்தந்தப் பங்கில் நடக்க வேண்டியது.

தனிமனிதப் பாவங்களை மட்டுமே எண்ணிப் பழகியவர்கள் நாம். அடுத்த முறை பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம் செய்யும்முன் இந்நூலை ஒருமுறை படிப்போம். நாம் தேடும் சமாதானம் யாரிடம் போய்க் கேட்கப்பட வேண்டியது என்பது விளங்கும்.