அடுக்குக்குறி விதிகளை எப்படி ரசிப்பது?

பெருக்கினால் அடுக்குகளைக் கூட்டு, வகுத்தால் கழி, அடுக்குக்கு அடுக்கு வந்தால் பெருக்கு, அடுக்கு பூச்சியம் என்றால் விடை 1. அடுக்குக்குறி விதிகள் பெரும்பாலும் இப்படியொரு பட்டியலாகத்தான் மாணவர் கைக்கு வருகின்றன. ரசிக்க வேண்டுமானால் பட்டியலை மூடிவைத்துவிட்டு முதல் விதியை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். 2³ × 2⁴ என்பதை விரித்தெழுதினால் மூன்று இரண்டுகள், பக்கத்தில் நான்கு இரண்டுகள். ஏழு இரண்டுகளின் பெருக்கம், அதாவது 2⁷. எண்ணியதைத் தவிர நாம் ஒன்றும் செய்யவில்லை. மற்ற விதிகள் அத்தனையும் இந்த எண்ணிக்கையிலிருந்தே பிறக்கின்றன.

இந்த எண்ணிக்கையைக் கண்ணால் காட்டும் பழைய அட்டவணை ஒன்று உண்டு. 1544-இல் வெளியான 'அரித்மெட்டிகா இன்டெக்ரா' நூலில் ஜெர்மானியக் கணிதர் மைக்கேல் ஸ்டீஃபல் இரண்டு வரிசைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அமைத்தார். மேலே அடுக்குகள்: −3, −2, −1, 0, 1, 2, 3, 4, 5, 6. கீழே 2-ஐ அந்தந்த அடுக்குக்கு உயர்த்தினால் வரும் மதிப்புகள்: 1/8, 1/4, 1/2, 1, 2, 4, 8, 16, 32, 64. இதை ஒரு தாளில் எழுதி, விரல் வைத்துப் பாருங்கள். கீழ்வரிசையில் 1/8, 64 இரண்டையும் பெருக்கினால் 8. அவற்றுக்கு நேர்மேலே உள்ள −3, 6 இரண்டையும் கூட்டினால் 3. அந்த 3-க்கு நேர்கீழே நிற்பது அதே 8. பெருக்கலைக் கூட்டலாக மாற்றும் இந்த வித்தைதான் 1614-இல் கணிதர் நேப்பியர் வெளியிட்ட மடக்கைக்கும் (logarithm) உயிர்நாடி.

இந்த வரிசையில் 0-க்குக் கீழே 1 நிற்கிறது. "2⁰ என்றால் இரண்டு ஒருமுறைகூட இல்லை, விடை பூச்சியம்தானே?" என்று கேட்கும் மாணவர் நல்ல கேள்வியைத்தான் கேட்கிறார். பூச்சியம் என்றே வைத்துப் பார்ப்போம். முதல் விதிப்படி 2³ × 2⁰ என்பது 2³, அதாவது 8 ஆக வேண்டும். 8 × 0 தருவதோ 0. 8-ஐ 8 ஆகவே விட்டுவைக்கும் எண் 1 மட்டுமே. அதே நியாயத்தில் 2⁻³-ஐ 2³-ஆல் பெருக்கினால் 1 வரவேண்டும். ஆகவே 2⁻³ என்பது 1/8. "அப்படியானால் இது நிரூபணம் இல்லை, நாமாக வைத்துக்கொண்ட வரையறைதானே?" ஆமாம், வரையறைதான். ஆனால் முதல் விதி உடையக்கூடாது என்று தீர்மானித்த கணமே வேறு எந்த விடைக்கும் இடமில்லாமல் போகிறது. எனக்குப் பேரழகாகத் தெரிவது இந்தக் கட்டாயம்தான். தேர்வு அறையில் இவ்வளவு யோசிக்க நேரம் ஏது என்று சிலர் கேட்பார்கள். பட்டியலை மட்டும் நம்பியவர் 2³ + 2⁴ என்பதையும் 2⁷ என்று எழுதி 128-இல் போய் நிற்பார். விரித்து எண்ணிப் பழகியவர் 8-ஐயும் 16-ஐயும் கூட்டி 24 என்பார். இதில் எங்கே நேரம் வீணாகிறது?

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஸ்டீஃபலின் இரண்டு வரிசைகளையும் கரும்பலகையில் எழுதி, 0-க்குக் கீழே உள்ள இடத்தை மட்டும் காலியாக விடுங்கள். அங்கே என்ன வரும் என்பதை மாணவர்களே சொல்லட்டும். சூத்திரப் பட்டியலை மறுநாள் எழுதிக்கொள்ளலாம்.