நீதிமன்ற வாசலில் காத்திருந்தவள்

ஹிந்திப் படங்களை எங்கள் வீட்டில் சேர்ந்திருந்துதான் பார்ப்போம். மொழி அரைகுறையாக விளங்கினாலும் கதை பிடிபட்டுவிடும். 'நோ வன் கில்ட் ஜெசிக்கா'வை ராத்தாவோடு பார்த்தேன். வாப்பாவின் காணி வழக்குக்காகப் பதினொரு வருஷம் கோட்டுக்கு அலைந்தவள் அவள். படத்தின் பிற்பாதியில் திடீரென்று கேட்டாள்: "அந்தப் புள்ள எங்க? ரிப்போட்டர் வந்த பொறகு ஆளையே காணல்லயே!"

படத்தைப் பற்றி நான் சொல்ல நினைக்கும் எல்லாமே அந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

ராஜ்குமார் குப்தா இயக்கிய இப்படம் 2011 ஜனவரியில் வெளிவந்தது. கதை கற்பனையல்ல. 1999 ஏப்ரல் இறுதியில், டில்லி மெஹ்ரோலியிலுள்ள உணவகமொன்றில் இரவு விருந்து. மது பரிமாறும் பொறுப்பிலிருந்த மொடல் ஜெசிக்கா லால், நேரம் முடிந்துவிட்டது என்று ஒருவனுக்கு மது தர மறுத்தார். அவன் சுட்டான். அவன் பெயர் மனு சர்மா, ஹரியானா அரசியல்வாதி ஒருவரின் மகன். விருந்தில் ஆட்கள் நிறைந்திருந்தும், 2006 பெப்ரவரி 21இல் விசாரணை நீதிமன்றம் குற்றஞ்சாட்டப்பட்ட ஒன்பது பேரையும் விடுதலை செய்தது. ஜெசிக்காவை யாருமே கொல்லவில்லை என்று பத்திரிகையொன்று போட்ட தலைப்புத்தான் படத்தின் பெயரானது.

முற்பாதி ஜெசிக்காவின் தங்கை சப்ரினாவுடையது. வித்யா பாலன் தொளதொளத்த உடுப்பும் மூக்குக்கண்ணாடியும் தோள்பையுமாக வருகிறார். சாட்சிகளின் வீட்டுக் கதவுகளை ஒவ்வொன்றாகத் தட்டுகிறார். கெஞ்சுவதில்லை, நெஞ்சில் அடித்து அழுவதுமில்லை. கேட்கிறார், காத்திருக்கிறார், திரும்பிப் போகிறார். பணத்துக்கும் பயத்துக்கும் ஒவ்வொருவராகப் பின்வாங்குகிறார்கள். முக்கிய சாட்சி ஒருவர், தன் வாக்குமூலம் எழுதப்பட்ட ஹிந்தி தனக்குத் தெரியாது என்கிறார். உண்மையான வழக்கிலும் அப்படித்தான் நடந்தது. அந்த இடத்தில் வித்யாவின் முகத்தைப் பார்த்து ராத்தா பெருமூச்சு விட்டாள். சாட்சிக்கு வாறேன் என்று சொன்ன அயலவர் வராமல் போன நாளில் அவளும் அப்படித்தான் வீடு வந்து சேர்ந்தாள்.

பிற்பாதியில் படம் கைமாறுகிறது. ராணி முகர்ஜி நடித்த மீரா என்ற தொலைக்காட்சிச் செய்தியாளர், வழக்கைத் தன் வழக்காக்கிக்கொள்கிறார். ராணியின் நடிப்பில் துடிப்பு இருக்கிறது, குறை சொல்ல ஏலாது. ஒளித்துவைத்த கமரா, குறுஞ்செய்திகள், இந்தியா கேற்றில் மெழுகுதிரிகள் என்று காட்சிகள் ஓடுகின்றன. 'ரங் தே பசந்தி'யின் மெழுகுதிரிக் காட்சியும் படத்துக்குள்ளேயே வந்துபோகிறது. ஆனால் ஏழு வருஷம் நடந்து களைத்த சப்ரினா, இப்போது தன் கதையைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருப்பவளாகிவிடுகிறாள்.

மக்கள் எழுச்சியை நான் சிறுமைப்படுத்தவில்லை. அது உண்மையிலேயே நடந்தது, அந்தக் கொந்தளிப்பு இல்லாவிட்டால் மேன்முறையீடு அவ்வளவு விரைவாக முடிந்திருக்குமா என்பதும் நியாயமான கேள்விதான். ஆனால் 2006 டிசம்பரில் டில்லி உயர் நீதிமன்றம் மனு சர்மாவைக் குற்றவாளியாகக் கண்டு ஆயுள் தண்டனை விதித்தபோது, வழக்கைப் புதிதாக விசாரிக்கவில்லை. அதே கோவையில் இருந்த அதே சாட்சியங்களைத்தான் மறுபடி நிறுத்துப் பார்த்தது. உணவகத்தை நடத்திய பீனா ரமானி போன்ற, சொன்ன சொல்லில் நின்ற சிலருடைய சாட்சியம் அங்கே எடுபட்டது. 2010 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் அந்தத் தீர்ப்பை உறுதிசெய்தது.

ஆகவே வழக்கைத் தாங்கியது மெழுகுதிரி மட்டுமல்ல. பயமுறுத்தலுக்கு நடுவிலும் கண்டதைக் கண்டதாகச் சொன்ன ஒருசிலரும் தாங்கினார்கள். பல்டியடித்தவர்களை விரிவாகக் காட்டும் படம், பல்டியடிக்காதவர்களுக்கு அந்தளவு இடம் கொடுக்கவில்லை. இதுவே என் பிரதான முறைப்பாடு. அநீதிக்குத் தீர்வு யாரோ ஒரு பிரபலம் வந்து சேர்வதுதான் என்ற எண்ணத்தோடு பார்வையாளன் எழுந்து போகிறான். சாட்சிக்கூண்டில் ஏற வேண்டிய நாள் தனக்கும் வரலாம் என்ற நினைப்பு அவனுக்கு வருவதில்லை.

படத்துக்குப் பிறகும் சப்ரினாவின் கதை தொடர்ந்தது. 2018இல், மனு சர்மா விடுதலையாவதில் தனக்கு ஆட்சேபனை இல்லை என்று அவர் அறிவித்தார். 2020இல் அவன் விடுதலையானான். அடுத்த வருஷம் ஆகஸ்ட்டில் சப்ரினா காலமானார். நீதிக்காக அத்தனை வருஷம் அலைந்த ஒருத்தி, தண்டனை கிடைத்த பிறகு அந்தக் கோபத்தை இறக்கி வைக்கிறாள். அந்த மனசுக்குள் நுழையும் படம் இன்னும் எடுக்கப்படவில்லை.

இதை ராத்தாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அலஞ்சவளுக்குத்தான் மன்னிக்கவும் உரிமை இரிக்கி" என்றாள்.