அச்சு நகர்ந்தது, பழி யார் மீது?

மரப்பலகையிலும் அக்ரிலிக் தகட்டிலும் எழுத்தும் படமும் செதுக்கும் சிறிய சி.என்.சி. ரௌட்டர் பொறிகள் இன்று பொழுதுபோக்காளர் வீடுகளுக்கும் கல்லூரி ஆய்வுக்கூடங்களுக்கும் வந்துவிட்டன. அவற்றின் துல்லியத்தைப் பலரும் புகழ்கிறார்கள். ஆனால் சில வாரங்கள் இயக்கிப் பார்ப்பவர் வேறொன்றையும் காணக்கூடும். வேலையின் நடுவே ஓர் அச்சு, கட்டளையில் இல்லாத இடத்துக்கு நகர்ந்துவிடும். காரணம் கேட்டால், 'மின் இரைச்சல்' என்ற ஒரே விடைதான் பெரும்பாலும் கிடைக்கும். இந்த விடையையும், இத்தகைய தவற்றுக்கு இடங்கொடுக்கும் பொறியமைப்பையும் சற்று ஆராய்வோம்.

எங்கள் துறையிலுள்ள பொறியில் ஒய் அச்சு ஒருநாள் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் விலகிப்போயிற்று. அன்று அதை இயக்கிய மாணவர் மீதே முதலில் பழி விழுந்தது. பழித்தவர்களில் நானும் ஒருவன். மறுநாள் நானே இயக்கியபோதும் அவ்வாறே நேர்ந்ததால், பழி இரைச்சலுக்கு மாறிற்று. கவசக் கம்பி வாங்கிப் பூட்டினோம், பயனில்லை. கடைசியில் மோட்டார்த் தண்டையும் கப்ளிங்கையும் இணைத்து ஒரு பென்சில் கோடு கிழித்துவிட்டுப் பொறியை ஓட்டினோம். அடுத்த தவறு நேர்ந்தபோது, கோட்டின் இரு பகுதிகளும் சுற்றில் எட்டில் ஒரு பங்கு விலகி நின்றன. கிரப் ஸ்குரு தளர்ந்திருந்தது! கம்பிக்குச் செலவழித்த பணத்தைவிட, அந்த மாணவரிடம் சொன்ன சொற்களே இன்றும் என்னை உறுத்துகின்றன.

எங்கே பிழைத்தோம்? அளப்பதற்கு முன்பே தீர்ப்புச் சொன்னோம். பிழையின் அளவே அதன் காரணத்தைக் காட்டிக்கொடுக்கும் என்பதை மறந்தோம்.

இப்பொறிகளில் பெரும்பாலும் உள்ள ஸ்டெப்பர் மோட்டார் ஒரு படிக்கு 1.8 பாகை திரும்பும். ஒரு சுற்றுக்கு 200 படிகள். இயக்கி ஒவ்வொரு படியையும் எட்டு நுண்படிகளாகப் பிரித்தால், சுற்றுக்கு 1600 துடிப்புகள். ஒரு சுற்றுக்கு 8 மில்லிமீட்டர் நகர்த்தும் திருகுத் தண்டானால், ஒரு துடிப்புக்கு 0.005 மில்லிமீட்டர் நகர்ச்சி கிடைக்கும்.

சுமையோ முடுக்கமோ மிகும்போது மோட்டாரின் சுழலி மின்காந்தப் புலத்தோடு ஒத்தியங்க முடியாமல் தவறிவிடுகிறது. வேகம் கூடக்கூடச் சுருளின் மின்தூண்டலாலும் எதிர் மின்னியக்கு விசையாலும் மின்னோட்டம் குறைந்து, திருப்புவிசை தளர்வதே இதற்குத் துணைக் காரணம். அவ்வாறு தவறும் சுழலி நான்கு முழுப்படிகளின் மடங்காகவே மீண்டும் நிலைகொள்ளும். நம் எடுத்துக்காட்டில் அது 0.16 மில்லிமீட்டர். ஆகவே டயல் கேஜ் வைத்து அளக்கும்போது பிழை 0.16, 0.32, 0.48 என்று வந்தால், முதலில் ஐயுற வேண்டியது முடுக்கமும் சுமையுமே. திசை மாறும்போது மட்டும் தோன்றி, மேலும் வளராமல் நிற்கும் பிழை திருகின் தளர்விடைவெளியால் வருவது. எந்த மடங்குக்கும் அடங்காத பிழையானால் கப்ளிங்கைப் பாருங்கள்.

அப்படியானால் இரைச்சல் என்பது பொய்யா? இல்லை. ஸ்பிண்டில் மோட்டாரின் கம்பியருகே துடிப்புக் கம்பி ஓடினால், பொய்த் துடிப்புகள் புகுந்து அச்சை நகர்த்தலாம். ஆனால் எல்லை ஸ்விட்ச்சின் கம்பியில் புகும் இரைச்சல், வேலையின் நடுவே அச்சை நகர்த்தாது. அந்தக் காப்பு இயங்குமானால் பொறியை நிறுத்தவே செய்யும். இவ்விரண்டையும் பிரித்தறியாமல் எல்லாக் கம்பிகளையும் மாற்றச் சொல்வது, நோயைக் கேளாமல் மருந்து கொடுப்பதற்கு ஒப்பாகும்.

சோதனையும் எளிது. அதே கட்டளைத் தொகுப்பை வெட்டுக்கருவியைக் கழற்றி, ஸ்பிண்டிலை நிறுத்தி, வெற்றிடத்தில் ஓட்டுங்கள். பிழை நீடித்தால் ஸ்பிண்டிலின் இரைச்சலும் காரணமன்று, வெட்டுவிசையும் காரணமன்று. மறைந்தால், ஸ்பிண்டிலை மட்டும் சுழலவிட்டு மீண்டும் ஓட்டுங்கள். ஒரு முறைக்கு ஒரே மாற்றம்: நம் ஆய்வுக்கூடத்தின் பழைய விதி இங்கும் பொருந்தும்.

இனிப் பொறியமைப்புக்கு வருவோம். இப்பொறிகள் பலவற்றை ஆட்டுவிப்பது 'கிரிபில்' என்னும் திறந்த மூல நிரல். 2009ஆம் ஆண்டில் சிமென் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ரூட் தொடங்கியது. 32 கிலோபைட் நினைவகமே கொண்ட அர்டுயினோ ஊனோ பலகையில் மூன்று அச்சுகளையும் ஒருங்கே இயக்குவது பாராட்டத்தக்க சாதனை. ஆயினும் இரு குறைகளைச் சொல்லியாக வேண்டும்.

ஒன்று, அதன் 1.1 பதிப்பில், அச்சு நின்ற 25 மில்லிநொடியில் மோட்டாருக்கு மின்சாரத்தைத் துண்டிப்பதே இயல்பு அமைப்பு. அப்போது பிடிப்பு விட்டுப்போய், ஸ்பிண்டிலின் எடையால் இசட் அச்சு கீழே இறங்கவும் கூடும். '$1' என்னும் அமைப்பை 255 ஆக்கினால் பிடிப்பு நீடிக்கும். இதை அதன் விளக்கவுரை கூறுகிறது. வாங்குவோர் அனைவரும் அதைப் படிப்பார்களா?

மற்றொன்று, மூலநிலை தேடும் வசதி இயங்காத பொறியில், மின்சாரம் வந்ததும் நின்ற இடத்தையே நிரல் சுழியம் எனக் கொள்கிறது. ஆனால் ஜி 54 என்னும் வேலைப் புள்ளியின் பழைய விலக்கத்தை மட்டும் நிலைநினைவில் காத்துவைத்திருக்கிறது. தான் எங்கே நிற்கிறோம் என்பதை மறந்த பொறி, நேற்றைய வேலை எங்கே இருந்தது என்பதை நினைவில் வைத்திருக்கிறது! இவ்விரண்டும் கூடினால், கருவி பலகைக்குள் பாய்வதில் வியப்பென்ன? இதில் இரைச்சலுக்கும் மாணவருக்கும் பங்கே இல்லை.

இவற்றுக்கெல்லாம் அடிப்படை ஒன்றே: துடிப்பை அனுப்பும் பொறிக்கு, அச்சு உண்மையில் நகர்ந்ததா என்பது தெரியாது. பின்னூட்டம் வைக்கச் செலவாகும் என்பது உண்மைதான். அது இல்லை என்பதை வாங்குவோருக்கு முதல் பக்கத்திலேயே சொல்லச் செலவாகாதே.

ஆகவே வாசகர்களே, இத்தகைய பொறி உங்களிடம் இருந்தால், மின்சாரத்தைத் துண்டிக்கும் ஸ்விட்ச்சைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். கருவி சுழலும்போது விரலை அருகே கொண்டுசெல்லாதீர்கள். அச்சு தானாக நகர்ந்தால் பென்சிலையும் டயல் கேஜையும் எடுங்கள். அதன்பின் பழி யார் மீது என்று பேசுவோம்.