ஜோகிப்பட்டியின் வெள்ளைக் கல்

ஒரு கல்லைப் பார்த்துக் கைதட்டிய ஆளை நீங்கள் பார்த்ததுண்டா? நான்தான் அது! ஓசூர் சிப்காட்டில் மின்சார ஸ்கூட்டர் மோட்டார்களோடு மல்லுக்கட்டுவது என் பிழைப்பு. அந்த மோட்டார்க் காந்தத்தில் இருக்கிற நியோடிமியம் எந்தப் பாறையிலிருந்து வருகிறது என்று தேடப்போனேன். கலிபோர்னியாவின் மவுண்டன் பாஸ் சுரங்கத்தில் நியோடிமியம் போன்ற அருமண் தனிமங்களைத் தருகிற கார்பனடைட் பாறையினம், நம்ம கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயே ஊத்தங்கரைப் பக்கம் சாமல்பட்டியைச் சுற்றிக் கிடக்கிறதாம். அன்றைக்குத் தூக்கம் போச்சு.

கொஞ்சம் கற்பனை பண்ணிப் பாருங்கள். எழுபது எண்பது கோடி வருஷத்துக்கு முன்னால் பூமிக்கடியிலிருந்து பாறைக்குழம்பு பொங்கி வருகிறது, அதுவும் சாதாரணக் குழம்பு இல்லை, கார்பனேட் குழம்பு! அந்தச் சாமல்பட்டி வட்டாரத்து ஜோகிப்பட்டிக்கே போய்விட்டேன். வெயில் மண்டையைப் பிளக்க, குனிந்து ஒரு வெள்ளைத் துண்டை எடுத்தேன். அம்மாடி, என்ன கனம்! நீர்த்த அமிலத்தை ஒரு சொட்டு விட்டதும் நுரைத்தது பாருங்கள், சின்னப் பையன் மாதிரி குதித்தேன். "இதுல பென்ஸ்டோனைட் இருக்கு தம்பி" என்றார் கூட வந்த நிலவியல்கார அண்ணன்.

அமெரிக்காவின் ஆர்கன்சாவில் கண்டெடுக்கப்பட்டு, 1960களின் தொடக்கத்தில் உலகுக்கு அறிமுகமான புதுக் கனிமம் அது. பத்தே வருஷத்தில், 1971இல், செமனோவ், கோபால், சுப்பிரமணியன் மூவரும் அது ஜோகிப்பட்டியிலும் இருப்பதாக 'கரண்ட் சயின்ஸ்' இதழில் எழுதிவிட்டார்கள்! பாறையாகவே திரண்டு கிடக்கும் இடங்கள் உலகத்தில் விரல்விட்டு எண்ணக்கூடியவை, சைபீரியாவின் முருன் மலை ஒன்று, நம்ம ஜோகிப்பட்டி ஒன்று.

பென்ஸ்டோனைட்டின் படிக அமைப்பைச் சொல்லாமல் எப்படி விடுவேன்? 6 பேரியம், 6 கால்சியம், 1 மக்னீசியம், ஆக 13. எதிரே 13 கார்பனேட், ஒவ்வொன்றும் நடுவில் கார்பனும் மூலைக்கொரு ஆக்சிஜனுமாகத் தட்டை முக்கோணம், கணக்கு கச்சிதம்! பேரியம் குண்டு அணு, கால்சியத்தைவிடப் பெரிசு, பேரியம் கார்பனேட் தனியாக இருந்தால் அரகோனைட் பாணியில்தான் அடுக்கிக்கொள்ளும், இங்கேயோ அது கால்சைட் குடும்பத்து ஒழுங்கிலேயே கால்சியத்தோடு ஒட்டி உட்கார்ந்திருக்கிறது, உடைத்தால் கால்சைட் மாதிரியே சாய்சதுர முகங்கள் பளிச்சென்று பிளக்கின்றன, ஆனால் அடர்த்தி 2.7 இல்லை, சுமார் 3.6, கை இறங்கியதற்குக் காரணம் இதுதானய்யா!

பென்ஸ்டோனைட் பேரியக் கனிமம்தானே, அருமண் கனிமம் இல்லையே என்று சிலர் முணுமுணுக்கலாம். சரி, ஒப்புக்கொள்கிறேன், போதுமா?

ஜோலார்பேட்டையிலிருந்து சேலம் போகிற ரயில் பாதையில்தான் சாமல்பட்டி நிலையம் இருக்கிறது, ஒருமுறை இறங்கிப் பாருங்கள். பட்டா நிலமாக இருக்கும், கேட்காமல் மட்டும் சுத்தியலைத் தூக்காதீர்கள்.